முப்பத்தேழு வரை உன் குரல்

செவ்வாய்க்கிழமை காலை ஒலிபெருக்கியில் ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அதற்கு அடுத்து வரவேண்டிய உன் மூச்சு வரவில்லை.

குரல் வராததைக் கரையில் எல்லோரும் கவனித்திருப்பார்கள். நான் முதலில் கவனித்தது மூச்சைத்தான். இரண்டு வருடமாக என் வேலை அப்படித்தான் தொடங்குகிறது. கம்ப்யூட்டரில் படகின் எண்ணைத் தட்டுவேன், நேரத்தைத் தட்டுவேன், என்டரை அழுத்துவேன். முதலில் ‘டக்’. பிறகு நீ மூச்சை உள்ளே இழுப்பாய். அதன் பிறகுதான் “படகு எண்” என்று ஆரம்பிப்பாய். பதிவு செய்த அன்று, அந்த மூச்சை மட்டும் வெட்டிவிடலாமே என்று கேட்டேன். “மூச்சு விடாதவ பேசுனா எவன்ளா நம்புவான்” என்றாய்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் உன்னைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். அன்று மத்தியானம்கூட ஒன்பதாம் எண் படகு வரும் நேரத்தை உன் குரல்தான் சொன்னது. நான்தான் தட்டினேன். தட்டாமல் இருக்க முடியாது, படகு வந்துகொண்டிருந்தது.

இந்த வாரம் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. வாயால் சொல்வது எனக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

சங்க அலுவலகம் நீ பார்த்த மாதிரியேதான் இருக்கிறது. ஒற்றை அறை, வயர்லெஸ் பெட்டி, பழைய கம்ப்யூட்டர், கூரைமேல் நான்கு பக்கமும் பார்த்த நான்கு குழாய் ஒலிபெருக்கிகள். தெற்கே பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள், வடக்கே உப்பளம். ஏழெட்டு நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் கரையை நெருங்கியதும் வயர்லெஸில் கூப்பிடும். “இருபத்திரண்டு. மூணு மணிக்கு வந்துருவோம்.” அவ்வளவுதான் சொல்வார்கள். அதைக் கேட்டு நாங்கள் ஊருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தால்தான் ஐஸ் உடைப்பவர், ஏலம் விடுபவர், வீட்டுப் பெண்கள் எல்லோரும் கரைக்கு வருவார்கள். கேட்பது எனக்கு வரும். எழுதி வைப்பதும் வரும். சொல்வதுதான் வராது.

பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கும்போது ‘உள்ளேன்’ என்று சொல்லச் சத்தம் வராமல், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே எத்தனையோ நாள் வராதவளாக இருந்திருக்கிறேன். நீ இரண்டு வகுப்பு மேலே. ஒருநாள் வராந்தாவில் போகும்போது எங்கள் ஜன்னலில் தலையை நீட்டி, “டீச்சர், அவ வந்திருக்கா, நல்லாப் பாருங்க” என்று கத்திவிட்டு ஓடினாய். அன்றுதான் நாம் பழகினோம். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்த வருடம், ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். யாரும் தேடி வரவில்லை. ஏற்கெனவே பாதி நாள் வராதவள்தானே.

அப்பா கேட்டுக்கொண்டதால் சங்கத்துச் செயலாளர் சூசை அண்ணாச்சி என்னை அலுவலகத்தில் உட்கார வைத்தார். முதல் நாள் மைக்கைப் பிடித்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. என் மூச்சு மட்டும் நான்கு குழாயிலும் போய்க் கரை முழுவதும் கேட்டது. ஐஸ் கொட்டகையில் யாரோ, “ஏலே, வாடைக்காத்து தொடங்கிட்டா, இல்ல அந்தப் புள்ள மைக்க பிடிச்சிருக்கா?” என்று கேட்டானாம். அதைக் கேட்டு நீ ஒருநாள் முழுக்கச் சிரித்தாய். எனக்கு அழுகை வந்தது. அதற்கும் சிரித்தாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீ மடிக்கணினியுடன் அலுவலகத்துக்கு வந்தாய். அப்போது பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாய். கதவை அடைத்து, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பதிவு செய்தாய். அப்போது நம் கரையில் முப்பத்தேழு படகுகள். அதனால் முப்பத்தேழு வரை. பிறகு மணிகள், அரை மணிகள். பிறகு “பலத்த காற்று வீசும், கடலுக்குப் போக வேண்டாம்”. பதினேழைச் சொல்லும்போது கோயில் மணி அடித்தது. திரும்பச் சொல் என்றேன். “இருக்கட்டும்ளா, பதினேழுக்கு யோகம்” என்றாய். அன்றிலிருந்து பதினேழாம் எண் படகு மட்டும் மணியோசையோடு கரைக்கு வருகிறது. இருபத்திரண்டின் சொந்தக்காரர், தனக்கும் ஒரு மணி வைக்கச் சொல்லி உன்னிடம் இரண்டு மாதம் மல்லுக்கு நின்றார்.

துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டினாய். அந்தக் கட்டை அவிழ்க்க நீ எழுதிய நிரலுக்கு மட்டும்தான் தெரியும். அப்போது அதைப் பற்றி நாம் யோசிக்கவில்லை.

இப்போது கரையில் முப்பத்தெட்டுப் படகுகள். முப்பத்தெட்டாவது போன மாதம் இறங்கியது. அப்பா அதில்தான் வேலைக்குப் போகிறார். போன வாரம் முதல் தடவையாகக் கடலுக்குப் போனது. போகும்போது அறிவிப்புத் தேவையில்லை. வரும்போதுதான் வேண்டும். உன் கோப்பில் முப்பத்தெட்டு கிடையாது என்பது படகு தண்ணீரில் இறங்கிய அன்றே எனக்குத் தெரியும். உன் நிரலில் புதிய எண்ணைப் பதிவு செய்ய ஒரு வழி இருப்பதும் தெரியும். யார் பதிவு செய்வது என்பதைத்தான் நினைக்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை மாலை எனக்கு உட்கார முடியவில்லை. படகு போய் ஆறு நாள் ஆகியிருந்தது. வயர்லெஸைப் பார்ப்பேன், எழுந்து வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன். திரையில் அந்தப் பெட்டி வந்து நின்றது. புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, கம்ப்யூட்டரை மேம்படுத்தவா என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பெட்டி. தினமும் ‘பிறகு’ என்று சொல்லி மூடுவேன். அன்று கை சும்மா இருக்கவில்லை. ‘சரி’ என்று அழுத்திவிட்டேன்.

நீ என்ன சொல்லியிருந்தாய் என்று எனக்கு மறக்கவில்லை. “இந்த வேலையெல்லாம் தடைக்காலத்துல வச்சுக்கிடு. படகு பூரா கரையில நிக்குத நேரந்தான் இன்ஜின பிரிக்கணும். கடல்ல நிக்கும்போது எவனாவது பிரிப்பானா?” மீன்பிடித் தடைக்காலம் இந்த வருடமும் வந்தது. இரண்டு மாதம் எல்லாப் படகும் கரையில் நின்றன. நீ செய்யவேண்டிய வேலையை நான் செய்தால் நீ இல்லை என்பது முடிவாகிவிடும் என்று ஏதோ ஒரு எண்ணம். தொடவில்லை. பிறகு பத்துப் பதினைந்து படகுகள் கடலில் நிற்கும்போது தொட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை மெஷின் புதிதாக, அழகாக எழுந்தது. ஐந்தாம் எண் கூப்பிட்டது. தட்டினேன். ‘டக்’. அது ஒலிபெருக்கி விழித்துக்கொள்ளும் சத்தம் மட்டும்தான். திரையில் ஒரே ஒரு வரி. பகிர்ந்துகொள்ளும் லைப்ரரி ஒன்றை ஏற்ற முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இங்கே இல்லை என்று ஆங்கிலத்தில்.

ஒருநாள் ஐஸ் கொட்டகை வாசலில் நின்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. “ஒவ்வொரு படகுக்காரனும் ஐஸ் ஒடைக்க தனித்தனியா மெஷின் வச்சிருக்கானா? கரையில பொதுவா ஒண்ணு கெடக்கு, எல்லாரும் வந்து ஒடைச்சிக்கிடுதான். அதே மாதிரிதான். எழுத்து காட்டுதது, சத்தம் போடுதது, இதெல்லாம் நான் எழுதல. கம்ப்யூட்டர்ல பொதுவா கெடக்குது. லைப்ரரின்னு பேரு. எம் புரோகிராம் அதுகிட்ட போயி வாங்கிக்கிடும்.” அந்த மெஷினை மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். “பழைய மெஷினுக்குச் செஞ்ச பெட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கவன் முழிப்பான்” என்றாய். இப்போது உன் நிரல் முழித்துக்கொண்டு நின்றது. நான் மெஷினை மாற்றிவிட்டேன்.

அதற்குள் ஐந்தாம் எண் மறுபடி கூப்பிட்டது. சொல்லியாச்சா என்று கேட்டார்கள். நோட்டில் ‘5 - ஒரு மணி’ என்று பெரிதாக எழுதிக்கொண்டு ஓடினேன். ஐஸ் கொட்டகைக்குப் போய் நோட்டைத் தூக்கிக் காட்டினேன். ஏலக் கூடத்தில் காட்டினேன். அந்தப் படகுக்காரர் வீட்டில் கதவைத் தட்டிக் காட்டினேன். அந்த அக்கா குழம்புக் கரண்டியுடன் வந்து, “ஏளா, தந்தி வந்திருக்கா?” என்று கேட்டாள். அன்று ஆறு படகு வந்தது. ஆறு தடவை ஓடினேன்.

ஆறாவது தடவை திரும்பி வரும்போது சூசை அண்ணாச்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை, உனக்கும் தெரியும். உன் அடக்கத்தில் முன்னால் நின்று அழுதவர். ஆனால் அன்று அவருக்கும் பொறுமை இல்லை.

“தூத்துக்குடியில ஒரு ஆள்ட்ட சொல்லிட்டேன். நாளைக்கு மூணு மணிக்கு வாரான். பழசெல்லாம் அழிச்சிட்டு புதுசு போட்டுருவான். எழுதிக் குடுத்தா கம்ப்யூட்டரே பேசுமாம். முப்பத்தெட்டும் சொல்லும், நானூறும் சொல்லும்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்னளா பேசாம நிக்க? செத்தவ பேசுதா. உயிரோட இருக்கவ நோட்டத் தூக்கிட்டு ஓடுதா. இது எந்த ஊரு நியாயம்?”

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “நீ பண்ணுனா பண்ணு. மூணு மணி வரைக்கும் பாரு” என்று எழுந்து போனார்.

அழித்தால் நீ போய்விடுவாய். கோப்பை மட்டும் தனியாக எடுத்து வைக்கலாம், ஆனால் நிரல் ஓடாமல் அதற்குள் இருக்கும் உன் குரலை யாராலும் வெளியே எடுக்க முடியாது. நிரலை நீ எழுதிய மூலப் பிரதி உன் மடிக்கணினியில் இருந்தது. மடிக்கணினியை உன் அண்ணன் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு ஏதோ போட்டுவிட்டானாம். அவனுக்கு எப்படித் தெரியும்?

நீ தட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கட்டளை ஒன்று உண்டு. ஒரு நிரலுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும், ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று வரிசையாகச் சொல்வது. எல்டிடி. அதைத் தட்டினேன். பத்துப் பன்னிரண்டு வரிகள் வந்தன. அதில் நான்கு வரிகளின் முடிவில் ‘நாட் ஃபவுண்ட்’. பள்ளிக்கூடத்து ஆங்கிலம் எனக்கு வரவில்லை. இந்த இரண்டு சொல்லும் நன்றாகப் புரிகின்றன. திரையில் எழுத்துகளை அடுக்கும் லைப்ரரியின் ஐந்தாம் பதிப்பை உன் நிரல் கேட்கிறது. புதிய மெஷினில் ஆறாம் பதிப்புதான் இருக்கிறது. மற்ற மூன்றும் இப்படித்தான். புதிய பதிப்புக்கான தொகுப்புகளில் தேடினேன். பழையவற்றை நீக்கிவிட்டார்கள்.

கைபேசியில் ஒரு பக்கத்தில், ஆறாம் பதிப்புக்கே ஐந்து என்று இன்னொரு பெயர் வைத்துவிட்டால் போதும், ஓடிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்தேன். அப்போதும் உன் குரல் காதில் கேட்டது. குலசேகரன்பட்டினத்திலிருந்து ஒருவர் பழைய படகை வாங்கி வந்து, புதுப் பெயர் எழுதிக் கரையில் நிறுத்தினாரே. இன்ஜின் இருமிக்கொண்டே இருந்தது. “பேர மாத்தி எழுதுனா இருமல் நின்னுருமா அண்ணாச்சி?” என்று அவரிடமே கேட்டாய். இங்கேயும் நிற்கவில்லை. நிரல் திறந்தது. பெட்டிகளெல்லாம் கோணல்மாணலாக வந்தன. எண்ணைத் தட்டியதும் செத்து விழுந்தது.

செத்து என்று எழுதிவிட்டேன். நாம் அப்படித்தானே சொல்வோம்.

பழைய பதிப்பை முதன்முதலில் இந்த மெஷினில் போட நீ ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தாய். மூடியை எப்போதும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பாய். அது இருந்தால் அதற்குள் பழைய லைப்ரரி எல்லாம் இருக்கும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே உங்கள் வீட்டுக்குப் போனேன். அலுவலகத்துக்கு நேர் எதிர் வீடு. பதினோரு மாதத்தில் நான் அந்தப் படி ஏறியது மூன்று தடவை.

உன் அம்மா ஜன்னல் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “இன்னைக்கு ஏன் அவ பேசல?” என்று கேட்டாள்.

உன் அறிவிப்பு வரும்போதெல்லாம் உங்கள் வீட்டு ஜன்னல் சாத்தப்படும். அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ‘டக்’ கேட்டு, உன் மூச்சு கேட்டதும் அடைத்துவிடுவாள். நீ பேசி முடித்ததும் திறப்பாள். என்மேல் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணாச்சியின் ஆள் வந்து மாற்றிவிட்டால் உன் அம்மாவுக்கு நிம்மதி என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

“கெட்டுப்போச்சு சித்தி” என்றேன். “பென்டிரைவ் இருக்கா? கடிச்சது.”

அவள் எழுந்து, பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த உன் சாமான்களைக் கட்டிலில் கொட்டினாள். ஹால் டிக்கெட், ஒற்றைக் கம்மல், சார்ஜர். பென்டிரைவ் கிடைத்ததும் உடனே கொடுக்கவில்லை. மூடியிலிருந்த பல்தடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“காலையில ‘டக்’னு கேட்டுது. ஜன்னல்ல கை வச்சேன். ஒண்ணும் வரல. கைய எடுக்கவும் முடியல, அடைக்கவும் முடியல. அப்படியே நின்னேன்.” பிறகு பென்டிரைவை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். “சரி பண்ணிரு. அவ பேசுனாத்தான எனக்கு அடைக்க முடியும்.”

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே அலுவலகம் திறந்தேன். பென்டிரைவிலிருந்து மெஷினை எழுப்பினேன். நீ இருந்தபோது இருந்த அதே ஊதாத் திரை வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு எனக்கு வேண்டிய நான்கை மட்டும் எடுத்திருக்க வேண்டும். எனக்கு அந்த நிதானம் இல்லை. நான்குக்கு மேல் கேட்டால் என்ன செய்வது, மூன்று மணி ஆகிவிடுமே என்று லைப்ரரிகள் கிடந்த அடுக்கில் இருந்த எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டேன். புதிய மெஷினுக்குத் திரும்பி, எல்லா நிரல்களும் முதலில் எட்டிப்பார்க்கும் பொது அடுக்கில் கொட்டினேன். லைப்ரரிகள் இருக்கும் இடங்களின் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையைத் தட்டினேன்.

அதுதான் அந்த மெஷின் கடைசியாகக் கேட்ட கட்டளை. அடுத்து எதைத் தட்டினாலும் பிழை. கோப்புகளைக் காட்டு என்றால் பிழை. நிறுத்து என்றால் பிழை. பழையவற்றில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்று இருந்திருக்கிறது. புதிய நிரல்களெல்லாம் அதைப் போய்ப் பிடித்துக்கொண்டு ஒன்றாக விழுந்துவிட்டன. ஒரு படகுக்காக ஐஸ் மெஷினை மாற்றப் போய்க் கரை மொத்தத்தையும் நிறுத்திவிட்டேன்.

எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். அந்த நேரம் பார்த்து இருபத்திரண்டு கூப்பிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஐஸ் கொட்டகையில் ஒருவன், “தபால்காரம்மா, எனக்கு லட்டர் உண்டா?” என்றான். அவன் சொன்னது எனக்கு உறைக்கவே இல்லை. ஓடிக்கொண்டே யோசித்தேன். நான் எதையும் அழிக்கவில்லை. கொட்டினேன், அவ்வளவுதான். கொட்டியதை வெளியே இருந்து அள்ளிவிட்டால் போதும். வெளியே இருந்து அள்ள பென்டிரைவ் இருக்கிறது.

திரும்பி வந்து மறுபடி உன் ஊதாத் திரையை எழுப்பினேன். அதிலிருந்துகொண்டு பொது அடுக்கில் நான் கொட்டியதையெல்லாம் நீக்கினேன். செவ்வாய்க்கிழமை வைத்த பொய்ப் பெயரையும் நீக்கினேன். பட்டியலைப் பழையபடி எழுதவைத்தேன். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மெஷினை எழுப்பியபோது எழுந்தது. மணி பன்னிரண்டரை.

பிறகு அவசரப்படவில்லை என்று எழுத ஆசைதான். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கை அவசரப்படவில்லை. உன் நிரலுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அடுக்கு உண்டாக்கினேன். நான்கே நான்கு கோப்புகளை அதில் வைத்தேன். அதில் ஒன்று, ஐந்தாவதாக இன்னொன்றைக் கேட்டது. அதையும் வைத்தேன். உன் நிரலுக்கு மட்டும், நீ முதலில் இங்கே பார் என்று சொல்லும் இரண்டு வரியை எழுதினேன். மற்ற எதற்கும் இந்த அடுக்கு தெரியாது. அவை புதியவற்றோடு இருக்கட்டும். அப்படியே எல்டிடியைத் தட்டினேன். ‘நாட் ஃபவுண்ட்’ என்று ஒரு வரியும் இல்லை.

சோதித்துப் பார்க்க எந்த எண்ணைப் போடுவது? எதைப் போட்டாலும் அந்த வீட்டார் கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடிவருவார்கள். பதினேழு கரையேறி நிற்கிறது, வர்ணம் அடிக்கிறார்கள். பதினேழைத் தட்டினேன்.

டக்.

மூச்சு.

“படகு எண் பதினேழு” என்றாய். கோயில் மணி அடித்தது. “இரண்டு மணிக்குக் கரை வருகிறது.”

ஐஸ் கொட்டகையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “ஏலே, கரையில நிக்க படகு எங்கலே இருந்து வருது?” என்று யாரோ கத்தினார்கள். வர்ணம் அடித்துக்கொண்டிருந்த ஆள் பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டினான். எனக்கு அதெல்லாம் பிறகுதான் மனதில் பட்டது. நான் எதிர் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு கேட்ட உடனே, நீ ‘படகு’ என்று சொல்வதற்கு முன்பே, ஜன்னல் படீரென்று அடைபட்டது.

மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சூசை அண்ணாச்சி தூத்துக்குடி ஆளோடு வந்தார். முதுகில் பை மாட்டிய அண்ணன். நான் ஒதுங்கி நின்றேன். அவர் நின்றுகொண்டே திரையைப் பார்த்தார். அந்தச் சின்ன அடுக்கைத் திறந்து, இரண்டு வரியையும் படித்துவிட்டு, “யாரு இத பண்ணது?” என்று கேட்டார். அண்ணாச்சி என்னைக் கைகாட்டினார். “இது போதுமே அண்ணாச்சி. நல்லாத்தான ஓடுது” என்றார் அவர்.

அண்ணாச்சி தாடையைத் தடவினார். “ஓடுது. சந்தோசந்தான். முப்பத்தெட்டு வந்தா என்னய்யா பண்ணும் இது? அந்தப் புள்ள முப்பத்தேழோட போயிட்டா. புதுசையே போட்டுருவோம். என்னைக்கிருந்தாலும் போடணும்.”

அவர் சொல்லி வாயை மூடவில்லை, வயர்லெஸ் கரகரத்தது. இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரல்.

“முப்பத்தெட்டு. அஞ்சு மணிக்கு வந்துருவோம். அம்மைட்ட சொல்லிரு.”

மூன்று பேரும் வயர்லெஸைப் பார்த்தோம். நான் நோட்டில் எழுதினேன். பழக்கத்தில் எழுந்து வாசலைப் பார்த்து ஓரடி வைத்துவிட்டேன். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முப்பத்தெட்டைத் தட்டினேன். டக். மூச்சு. “படகு எண்” என்றாய். பிறகு ஒன்றும் இல்லாத ஒரு இடம். பிறகு “ஐந்து மணிக்குக் கரை வருகிறது” என்றாய்.

அந்த ஒன்றும் இல்லாத இடம் கரை முழுவதும் கேட்டது. ஐஸ் கொட்டகையில் மெஷினை நிறுத்திவிட்டார்கள். யாராவது நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்களா என்று பார்த்திருப்பார்கள்.

“பாத்தியா” என்றார் அண்ணாச்சி. மெதுவாகத்தான் சொன்னார். “இதுக்குத்தான் சொன்னேன். தம்பி, நீ ஆரம்பி.”

“அண்ணாச்சி” என்றேன். “ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக அவர் கேட்டதில்லை. அந்த அண்ணனின் தோளைத் தட்டி வெளியே கூட்டிப் போனார்.

கதவை அடைத்தேன். மூலையில் கிடந்த சாக்கை உதறி ஜன்னலில் தொங்கவிட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். உன் நிரலில் பதிவு செய்யும் விசையை அழுத்தினேன். எந்த எண் என்று கேட்டது. தட்டினேன். மைக்கை இழுத்து வாய்க்கு நேராக வைத்து, மூச்சை உள்ளே இழுத்து, “முப்பத்தெட்டு” என்றேன்.